ஆயரும் குளகும்

ஒரு குலத்தாரின் பெருமையை அவர் பெற்ற பட்டங்களாலும் கட்டிய மண்டபங்களாலும் அளப்பது உலக வழக்கு. அவர் வழிவழியாகப் பயின்ற தொழிலினுள் அடங்கிக் கிடக்கும் அறிவினால் அளப்பதே முறை என்பது எம் கருத்து. அவ்வறிவு ஏட்டில் ஏறாமையின், அதனை உடையாரே அதன் அருமை அறியாது விடுவதுண்டு. பிறர் அதனை எள்ளி நகையாடுவதும் உண்டு. இத்திங்கள் யாம் எழுதப் புகுந்தது அத்தகையதொரு பொருளே. அஃதாவது, நம் முன்னோர் ஆட்டிற்கு மரத்தழை ஊட்டிய வழக்கத்தின் வரலாறு. 'ஆடு தழை தின்பதும் ஒரு வரலாறோ?' என்று நம் சங்கத்து இளைஞர் வினவக் கூடும். பொறுமையுடன் இறுதிவரை படிப்பாராயின் அவ்வையம் தானே நீங்கும்.

'குளகு' என்பது ஒரு பழந்தமிழ்ச் சொல். விலங்குகள் உண்ணும் தழைக்கு அது பெயர். யானை உண்ணும் தழையையும் அச்சொல்லாற் கூறுவர். ஆடு உண்ணும் தழையையும் கூறுவர். இன்று அச்சொல் வழக்கொழிந்தது. தழை, குழை என்பனவே எஞ்சின. ஆயினும் குளகு என்னும் சொல் நம் தொண்டை நாட்டு ஆயர் குடிலோடு சேர்த்துப் பாட்டில் இடம் பெற்றிருத்தல் நாம் மறத்தற்குரியதன்று.

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கச்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, ஐந்நூறு அடிகளாலாயது. பாணன் செல்லும் வழியில் எதிர்ப்படும் குடிகளை ஒவ்வொன்றாகக் கூறிவருங்கால் புலவர் ஆயர் சேரியையும் காட்டுகின்றார். அங்கே குறிய கால்களையுடைய குடில் இருக்கின்றது. அதனிடத்தே குட்டிகள் தின்னுமாறு குளகு கட்டப்பட்டிருக்கின்றது. கழிகளால் நெருக்கிக் கட்டிய கதவும், காவலனுக்குத் தோற்படுக்கையும் உள்ளன. வெளியே முள்வேலி சூழ்ந்த எருக்களத்தில் செம்மறியும் வெள்ளாடும் ஒருங்கே தங்குகின்றன. காஞ்சிக்கும் கடற்கும் இடைப்பட்ட இந்நாட்டிலே, அதாவது நம் செம்பாக்கமும் தாம்பரமும் அடங்கிய இத்தொண்டை நாட்டிலே, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன் ஒரு புலவர் கண்ணாற் கண்டு எழுதியதுபோல் அமைந்த காட்சி இது.

இக்காட்சியில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது யாதெனின், தழை கட்டப்பட்டிருந்தமையே. அது நிலத்திலே பரப்பப்படவில்லை. ஆடு வளர்த்தார்க்கு இதன் பயன் சொல்லாமலே விளங்கும். ஆடு தூய்மையாகத் தின்னும் இயல்பினது. மிதிபட்டதையும் சிறுநீர் பட்டதையும் அது முகர்ந்து விட்டு விலகும். கட்டிய தழை வீணாவதில்லை. மற்றொரு பயனும் உண்டு. இரைப்பையிலிருந்து இரத்தம் உறிஞ்சும் புழுக்களின் குஞ்சுகள் புழுக்கையிலிருந்து வெளிவந்து, ஈரப்புல்லின் மேல் ஏறி நின்று, மேயும் ஆட்டின் வயிற்றுட் புகுகின்றன. மரக்கிளையில் ஒடித்த தழையில் அவை இரா. பிறந்து இரண்டு மூன்று கிழமை சென்ற குட்டி பாலோடு தழையையும் கறும்பத் தொடங்கும். அவ்வாறு கறும்பக் கறும்பவே அதன் அசையூண் வயிறு வளர்ந்து முதிரும். ஆகவே இளங்குட்டிக்கு வாயெட்டும் உயரத்தில் தழை கட்டியவர் உண்மையறிந்தே செய்தனர் என்க. காரணத்தை அவர் எந்த மொழியாற் சொல்லியிருப்பினும் காரியம் பிழையற்றது.

ஆட்டைப் பற்றிய நம் முன்னோர் சொல்வளமும் சிறிதன்று. தொல்காப்பிய மரபியல் ஆட்டின் ஆணுக்கு மட்டும் மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர் வகுக்கின்றது. முல்லைக்கலி, ஆயருள் ஆட்டினம் காப்பாரைப் புல்லினத்தார் எனத் தனியே பிரித்துக் கூறுகின்றது. வேறுபாடு அறிந்த இடத்தேதான் வேறுவேறு பெயர் பிறக்கும்.

நிற்க. இடைக்காலத்துக் கல்வெட்டுக்களை நோக்குவோம். கோயிலில் நந்தா விளக்கு எரித்தற்கு ஆடு விடுதல் பல்லவர், சோழர் காலங்களில் பெருவழக்கு. ஒரு விளக்கிற்கு 90 ஆடு அல்லது 96 ஆடு என்பது பல இடங்களிற் காணும் கணக்கு. முதலாம் இராசராசன் எடுத்துக் கி.பி. 1010-ல் முடித்த தஞ்சைப் பெருவுடையார் கோயிற் சாசனங்கள், ஒரு விளக்கிற்கு 96 ஆடு பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டுமெனக் கூறுகின்றன. அவ்வாடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று சாசனம் வழங்கும். ஆடு சாகாமலும் மூப்படையாமலும் இருக்குமோ? இராது. சாவதும் மூப்பதும் ஆட்டிற்கு இயல்பு. எண்ணிக்கை குறையாமற் காப்பது ஆயர் கடன். ஈன்ற குட்டியால் இறந்த ஆட்டினை ஈடு செய்து, மந்தையை என்றும் ஒரு படித்தாய் வைத்திருத்தல் வேண்டும்.

அன்பர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க. நம் செங்கற்பட்டுப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் மழை; தை, மாசியில் அறுவடை; அதன்பின் சிலகாலம் தாளடி மேய்ச்சல். பங்குனி முதல் ஆடி வரையில் தரையிற் பசுமை அரிது. விளக்கோ சித்திரைக் கத்திரியிலும் எரிய வேண்டும். புல் உலர்ந்த காலத்தில் மந்தையைக் காத்தது எது? கல்வெட்டு இதனைக் கூறவில்லை. ஆயினும் ஆழ வேரோடி, கோடையிலும் தளிர்க்கும் மரங்களையன்றி வேறு பசுமை இந்நாட்டில் அக்காலத்து இல்லை. வேம்பு பங்குனியிலே தளிர்க்கின்றது. ஆலும் அரசும் வாகையும் வெள்வேலும் மழையை எதிர்பாராதே இலை விடுகின்றன. ஆதலின் அந்நெய்யில் ஒரு பங்கு மரத்தழையின் கொடை என்று கருதுதல் பிழையாகாது.

இனி, எம் நெஞ்சில் நெடுநாள் முள்ளாய்க் கிடந்த ஒரு பழமொழியைப் பற்றிக் கூறுவோம். 'இடையன் வெட்டு அறாவெட்டு' என்பது அது. யாம் சிறுவராய்ப் பள்ளியிற் பயின்ற காலத்து, ஒரு கணக்கினைப் பாதியில் விட்டமைக்காக எம் ஆசிரியர் ஒருவர் அப்பழமொழியைச் சொல்ல, வகுப்பு முழுதும் எம்மைப் பார்த்துச் சிரித்தது. எம் குலம் யாது என்பதை அறியாதார் அவ்வகுப்பில் ஒருவரும் இலர். அன்று மாலை செம்பாக்கம் ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த எம் பாட்டனாரிடம் சென்று, "தாத்தா, நாம் எதையும் பாதியில்தான் விடுவோமா?" என்று அழுகையோடு கேட்டேம். அவர் விடை சொல்லவில்லை. அரிவாளை எடுத்துப் பக்கத்து வாகையின் கிளையொன்றில் முக்கால் பங்கு வெட்டினார். கிளை முறியாமல் தோலோடு தொங்கிற்று. செம்மறிகள் ஓடிவந்து தின்னத் தொடங்கின.

"பாத்தியா கண்ணு, வெள்ளாடு தாவி ஏறும், காலைத் தூக்கி நின்னு தின்னும். இது ஏறாது. கிளையைத்தான் கீழே கொண்டாரணும். முழுசா வெட்டிட்டா சாயங்காலத்துக்குள்ள வாடிப் போகும், இப்படி விட்டா நாலு நாளைக்குப் பச்சையா நிக்கும்" என்றார். "மரம் செத்துடாதா தாத்தா?" என்றதற்கு, "ஒரு கிளையில கை வச்சா மறு வருசம் அந்த மரத்தைத் தொடக்கூடாது. அடியில வெட்டினா இந்தக் கோடைக்கு ஆடு தின்னும்; அடுத்த கோடைக்கு நீ எங்கடா போவே?" என்று கேட்டார். அவ்வினா இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது.

பின்னர்த் தமிழ் பயின்ற காலத்து, அப்பழமொழி எத்துணைப் பழமையது என்பதை அறிந்தேம். முன்றுறையரையனாரின் பழமொழி நானூற்றில் 'இடையன் எறிந்த மரம்' என அது வருகின்றது. சீவக சிந்தாமணியிலும் இடைமகனால் ஊறுபட்ட மரம் ஒன்று உவமையாகின்றது. 1887-ல் சிந்தாமணியை அச்சேற்றிய மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையரவர்கள், அவ்வுவமையின் பொருளைத் தெளிந்த வகையை 'இடையன் எறிந்த மரம்' என்னும் பெயரிலேயே ஒரு கட்டுரையாக எழுதியுள்ளார். முற்றும் அறுபடாமலும் முற்றும் வாழாமலும் நிற்கும் துன்பநிலைக்கு அம்மரம் உவமை. எனவே புலவர் கண்ணில் பட்டது மரத்தின் துன்பம். ஆயன் கண்ணில் பட்டது ஆட்டின் பசி. இரண்டும் உண்மையே. குலப்பற்றினால் ஒன்றை மறைத்தல் எமக்கு உடன்பாடன்று. இவ்விரண்டும் எங்ஙனம் பொருந்தும் என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

தழையூட்டல் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த கேட்டோ என்பார் தம் உழவு நூலில், ஆலமர இனமல்லாத பாப்லார், எல்ம், ஓக் முதலிய அந்நாட்டு மரத் தழைகளை உரிய காலத்தில் வெட்டி, முற்றும் உலர்வதற்கு முன்னரே சேமித்துச் செம்மறிக்கு இடுமாறு அறிவுறுத்துகின்றார். சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரைகளிற் குடியிருந்த புதிய கற்காலத்தார் தம் ஆடுகட்குச் சிறுகிளைகளை ஊட்டினர் என்பது அங்கே அகழ்ந்தெடுத்த புழுக்கைகளால் தெரிகின்றது. இராசத்தானத்துப் பாலையில் நாம் வன்னி என்று வழங்கும் மரத்தைக் கேஜ்ரி என்பர். அதன் உலர்ந்த இலையாகிய 'லூங்' கோடையில் ஆட்டிற்கு உயிர் மருந்து. 1730-ல் கேஜர்லி என்னும் ஊரில் அம்மரங்களை வெட்டவிடாது தழுவி நின்று 363 பிசுனோயி மக்கள் உயிர் துறந்தனர் என்பது அந்நாட்டு வரலாறு. 1962-ல் அவிகாநகரில் நிறுவப்பட்ட மத்தியச் செம்மறி, கம்பள ஆராய்ச்சி நிலையம் மரத்தழைகளின் உணவுச் சத்தினை ஆராய்ந்து வருகின்றது.

இனி, தழை ஆட்டின் வயிற்றில் என்ன செய்கின்றது என்பதைச் சுருங்கக் கூறுவோம். ஆட்டின் வயிறு நான்கு அறைகளையுடையது. அவற்றுட் பெரியதாகிய முதலறையில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் கோடிகோடியாய் வாழ்கின்றன. 1843-ல் பாரிசு நகரில் குருபி, தெலபோண் என்னும் இருவர் அவற்றுள் ஒரு வகையை முதன்முதற் கண்டனர். வைக்கோலையும் தாளையும் ஆடு தானே செரிப்பதில்லை. அந்நுண்ணுயிர்களே நாரைச் சிதைத்து ஆட்டிற்கு உணவாக்குகின்றன. ஆட்டைப் புரக்க வேண்டுமாயின் முதலில் அவற்றைப் புரத்தல் வேண்டும். அவை பெருகுதற்குத் தீவனத்தின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு ஏழு பங்கேனும் புரதம் இருத்தல் வேண்டும். வைக்கோலிலோ மூன்று நான்கு பங்கே உள்ளது. ஆதலின் கோடையில் வைக்கோலும் காய்ந்த தாளும் மட்டும் தின்னும் ஆட்டின் வயிறு நிறைந்திருக்கும், உடலோ மெலியும். செரியாத நார் உள்ளே தங்குவதால் மேலும் தின்னவும் அதற்கு மனம் வாராது.

ஒரு கணக்கினாற் காட்டுவோம். நம் பகுதிக்கே உரிய செம்மறி இனத்தை இன்று 'மெட்ராஸ் ரெட்' என வழங்குவர். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கங்களில் இது மிகுதி. இதன் பெட்டை ஒன்று 25 கிலோ எடை உடையதாகக் கொள்வோம். எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு உலர்தீவனம் என்றால் நாளொன்றுக்கு 750 கிராம். அது முழுதும் வைக்கோல் போன்றதாயின், நூற்றுக்கு மூன்றரை வீதம், கிடைக்கும் புரதம் 26 கிராம். வேண்டுவதோ 52 கிராமுக்கு மேல். இனி, அதில் மூன்றில் ஒரு பங்கை நீக்கி, 250 கிராம் உலர் எடையுள்ள அகத்தி, சவுண்டல் அல்லது கிளிரிசிடியாத் தழையை இடுவோம். பச்சையாக அது ஏறத்தாழ ஒரு கிலோ. இத்தழைகளில் நூற்றுக்கு இருபது பங்கு புரதம் உண்டு. தழையால் 50, எஞ்சிய வைக்கோலால் 17, ஆக 67 கிராம். வேண்டுவது நிறைந்து சிறிது மிகுதலும் செய்யும். ஒரு கிலோ தழை, நுண்ணுயிரைப் பெருக்கி, வீணாகக் கிடந்த வைக்கோலையும் உணவாக்கிற்று. பசுந்தழையிலிருந்து ஆட்டின் உடல் 'ஏ' உயிர்ச்சத்தையும் ஆக்கிக்கொள்ளும். உலர்ந்த வைக்கோலில் அதற்கு இடமில்லை.

இத்துணை நலமுடைய வழக்கம் குன்றியது எவ்வாறு? 1882-ல் சென்னை இராசதானிக் காட்டுச் சட்டம் பிறந்தது. காப்புக்காட்டில் உத்தரவின்றிக் கால்நடை மேய்த்தலும் மரம் வெட்டுதலும் குற்றமாயின. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும்பஞ்சத்தில் மந்தை இழந்த குடிகள் தலையெடுக்கும் முன்னரே இத்தடை வந்தது. குறைகள் பெருகவே, அரசினர் ஒரு காட்டுக் குழுவினை அமைத்து மக்களின் முறையீட்டைக் கேட்டனர். அக்குழு 1913-ல் அறிக்கை தந்தது. காட்டைக் காத்தல் தீதென்று யாம் கூறோம். வண்டலூர், நன்மங்கலம் காடுகள் இன்றளவும் பசுமையாய் நிற்பது காவலின் பயனே. எனினும், தழை வெட்டும் முறையறிந்தாரைக் காடழிப்பாரோடு ஒருங்கு வைத்து எண்ணியமையால், அம்முறை அறிந்தாரும் அரிவாளை ஒளித்தனர். அறிவு அடுத்த தலைமுறைக்கு இறங்கவில்லை.

செம்பாக்கத்தின் கதையும் வேறன்று. எம் பாட்டனார் காலத்தில் ஏரியின் கீழ் வயலும், கரையில் மரமும், மாடம்பாக்கம் போகும் வழியெல்லாம் தரிசும் இருந்தன. இன்று மனைகளும் சாலைகளும் நிறைந்து, 2021-ல் இவ்வூர் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாயிற்று. ஆடு வைத்திருப்போர் சிலரே. அவரும் தீவனத்திற்கு அலைகின்றனர். எம் உறவினர் ஒருவர், ஒரு மண்டபத்தின் பின்புறம் கொட்டிக் கிடந்த திருமணச் சோற்றினைத் தம் ஆடுகள் வயிறார உண்ணக் கண்டு மகிழ்ந்தார். மறுநாட் காலையில் ஐந்து ஆடுகள் எழவில்லை. மாவுப்பொருள் மிக்க உணவு திடீரென முதலறையில் நிறைந்தால் அங்கே புளிப்பு மிகுந்து, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மாய்ந்து, ஆடும் மாயும். 'சோறு போட்டேன், செத்துப் போச்சே' என்று அவர் புலம்பியது, நம்மவர் தம் பழைய அறிவை எவ்வளவு மறந்தனர் என்பதை எமக்கு உணர்த்திற்று. இக்கட்டுரை எழுதத் தூண்டியதும் அதுவே.

ஆதலின் சில எச்சரிக்கைகளும் கூறுவோம். தழை துணையுணவு, அதுவே முழுவுணவாதல் வேண்டா. மூன்றில் ஒரு பங்கு என்பது நல்ல அளவு. சவுண்டலில் 'மைமோசின்' என்னும் நச்சுப்பொருள் உண்டு. மிகுதியாக இட்டால் மயிர் உதிரும், கழுத்துச் சுரப்பி வீங்கும். ஆத்திரேலியாவில் அதனைத் தின்று துன்புற்ற கால்நடைகள் இருக்க, அவாய்த் தீவின் ஆடுகள் துன்புறாதிருத்தல் கண்ட இரேமண்டு ஜோன்சு என்னும் அறிஞர், பின்னவற்றின் வயிற்றில் அந்நஞ்சினைச் சிதைக்கும் நுண்ணுயிர் உண்டெனத் தெளிந்தார். 1992-ல் அதற்கு அவர் பெயரையே இட்டனர். பழகிய வயிறு தாங்கும். பழகாத வயிறு தாங்காது. எனவே எத்தழையையும் சிறிது சிறிதாகப் பழக்குக. வேல இனத் தழைகளில் துவர்ப்பு உண்டு. அளவான துவர்ப்பு, புரதம் முதலறையில் வீணாகாமற் காத்துக் கீழே அனுப்பும்; மிகுந்தால் செரிப்பைத் தடுக்கும். ஆகவே ஒரே மரத்தை நம்பாது, வேம்பு, வாகை, அகத்தி, பூவரசு எனக் கலந்து இடுக. மரவள்ளி இலையை வாட்டாது இடற்க. அரளி, ஊமத்தை, நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகியவற்றை ஆட்டின் அருகிலும் கொணரற்க.

இறுதியாக, இடையன் எறிந்த மரத்திற்கு வருவோம். எம் பாட்டனார் கிளையைத் தொங்கவிட்டது ஆட்டிற்கு நன்று. ஆயின் கிழிந்த தோலின்வழி நீரும் பூஞ்சையும் புகுந்து மரம் உளுத்தல் உண்டு என இந்நாளைய மரநூலார் கூறுவர். பழைய புலவர் இரங்கியதும் அதற்கே. அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கது யாது? விடை நம் முன்னோரிடத்தே உள்ளது. பெரும்பாணாற்றுப்படையின் ஆயர் கிளையைத் தொங்கவிட்டு நீங்கவில்லை. தழையைக் கொணர்ந்து குடிலிற் கட்டினர். கூரிய அரிவாளால் சிறுகிளையை ஒரே வெட்டாகத் தூய்மையாக அறுத்து, ஒரு மரத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் தொடாது, மறுமுறை தழைக்குமளவும் அதனை ஓயவிட்டு, அறுத்த தழையைக் கற்றையாகக் கட்டித் தொங்கவிடுவோமாயின் ஆடும் வாழும், மரமும் வாழும், பழமொழியும் பொருளற்றுப் போம்.

மனையின் வேலியோரம் ஓர் அகத்தியும் இரண்டு கிளிரிசிடியாவும் நடுதற்கு இடமில்லாதார் நம்மில் மிகச் சிலரே. காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் நம் ஊருக்கு அண்மையது. ஐயமுடையார் அங்கே சென்று கேட்டறிதல் எளிது. ஆடு வளர்ப்பை விட்டு வேறு தொழில் புக்காரும், தம் வீட்டு முதியோர் வாயிலிருந்து எந்த மரத்தை எந்த மாதத்தில் வெட்டினர், எதனை விலக்கினர் என்பவற்றைக் கேட்டு எழுதி வைப்பாராக. எம் பாட்டனாரிடம் யாம் கேட்டது ஒரே ஒரு மாலைப்பொழுதுதான். இன்று கேட்க அவர் இல்லை. 'அடுத்த கோடைக்கு நீ எங்கே போவாய்?' என்ற அவர் வினாவுக்கு, நம் இல்லந்தோறும் ஒரு தழைமரம் நின்று விடை கூறுவதாகுக.